ஸ்கெலிட்டன் வாட்ச் திடீரென்று வேகமாக ஓடுகிறது, தினமும் கட்டலாமா?

புதுமாப்பிள்ளை_கோவை

கல்யாணத்துக்கு மச்சான் ஒரு ஸ்கெலிட்டன் ஆட்டோமேட்டிக் வாட்ச் போட்டார். டயலே கிடையாது, முன்னாலும் கண்ணாடி பின்னாலும் கண்ணாடி. பல்சக்கரம் சுற்றுவது, கை அசைவில் சாவி ஏற்றுகிற ரோட்டர் ஆடுவது, அதற்கும் பின்னால் என் கை முடி வரை எல்லாம் தெரிகிறது. மனைவிக்கு அதைப் பார்த்தால் ஒரே சிரிப்பு.

இத்தனை நாள் ஒழுங்காக ஓடியது, போன வாரத்திலிருந்து ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் முன்னால் போகிறது. கீழே எதுவும் விழவில்லை. கடையில் காட்டினால், "சர்வீஸ் பண்ணணும், மெஷினையே மாத்த வேண்டியதா இருந்தாலும் இருக்கும்" என்கிறார்கள். சனி, ஞாயிறு கழற்றி வைத்தால் திங்கள் காலையில் நின்று கிடக்கிறது. இதுவும் அதே கோளாறா? போதாக்குறைக்கு, அவசரத்துக்கு மணி பார்க்கவும் முடிவதில்லை. சக்கரங்களுக்கு நடுவே முள்ளைத் தேட வேண்டியிருக்கிறது. இது ஆபீசுக்குக் கட்டுகிற பொருள்தானா, இல்லை விசேஷத்துக்கு மட்டுமா?

குவார்ட்ஸ்_போதும்

மச்சானிடம் சொல்லாமல் விற்றுவிடுங்கள். மணி தெரியாத கடிகாரத்தை வைத்து என்ன செய்வது? நான் கட்டுவது பேட்டரி வாட்ச். இரண்டு வருஷத்துக்கு ஒரு பேட்டரி, வேறு பேச்சே இல்லை.

சாவிக்காரன்

விற்க வேண்டாம், சர்வீசுக்கும் இப்போதே கொடுக்க வேண்டாம். அப்பா வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தார், நான் வளர்ந்ததே அந்த மேஜைக்குக் கீழேதான். எண்ணெய் காய்ந்த வாட்ச் ஒரே வாரத்தில் இப்படி மாறாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கெடும். நன்றாக ஓடிய வாட்ச் கீழேயும் விழாமல் திடீரென்று நிமிடக்கணக்கில் முந்தினால், முதல் சந்தேகம் காந்தத்தின் மேல்தான்.

முள் வைத்த சாதாரணத் திசைகாட்டி ஒன்றை மேஜையில் வைத்து வாட்சைப் பக்கத்தில் கொண்டு போங்கள். முள் லேசாக இழுபட்டால் மட்டும் போதாது, உள்ளே இரும்பு இருக்கிறதே. வாட்சைத் திருப்பித் திருப்பிக் காட்டுங்கள். ஒரு பக்கம் இழுத்து இன்னொரு பக்கம் முள்ளைத் தள்ளினால் காந்தம் ஏறியது உறுதி.

ஸ்கெலிட்டனில் இன்னொரு வசதியும் உண்டு. மற்ற வாட்ச் என்றால் பின்மூடியைக் கழற்றினால்தான் தெரியும், உங்களுடையதில் கட்டியபடியே பார்க்கலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை வைத்து, இப்படியும் அப்படியும் திரும்பித் திரும்பி ஆடுகிற சக்கரமான பேலன்ஸ் வீலின் நடுவைப் பாருங்கள். கொசுவர்த்தி மாதிரி சுற்றியிருப்பதுதான் ஹேர் ஸ்பிரிங். நல்ல நிலையில் அது மொத்தமும் சீராக விரிந்து சுருங்கும், சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். காந்தம் ஏறினால் பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய அளவுக்கு ஸ்பிரிங் குட்டையாகிறது, குட்டை ஸ்பிரிங் பேலன்ஸைச் சீக்கிரம் திருப்பிவிடும். கால் மணி நேரம் முந்துவது அதனால்தான்.

கண்ணுக்குப் பிடிபடவில்லையென்றால் போனில் 240 பிரேம் ஸ்லோமோஷனில் எடுங்கள். இந்த ரக ஆட்டோமேட்டிக் பெரும்பாலும் மணிக்கு 21,600 அடி (டிக் சத்தம்) அடிக்கும், அதாவது வினாடிக்கு 6. ஓர் அடிக்கு 40 பிரேம் கிடைக்கும், தாராளம். அதே வீடியோவில் பேலன்ஸ் எவ்வளவு தூரம் போய்த் திரும்புகிறது என்றும் பாருங்கள். முழுச் சாவி கொடுத்துப் படுக்க வைத்த வாட்ச் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய முக்கால் சுற்று போக வேண்டும். அரைச் சுற்றிலேயே சோர்ந்து திரும்பினால் அப்போது சர்வீஸ் பேச்சை எடுக்கலாம்.

காந்தம் எடுக்கும் பெட்டி ஆன்லைனில் சில நூறு ரூபாய்தான். பட்டனை அழுத்திப் பிடித்தபடி வாட்சை மேலே வைத்து, மெதுவாக ஒரு கை நீளத்துக்குத் தூக்கிய பிறகுதான் பட்டனை விட வேண்டும். பெட்டியின் மேல் இருக்கும்போதே விட்டால் திரும்ப ஏறிக்கொள்ளும். ரொம்ப நேரம் அழுத்தியும் வைக்காதீர்கள், பெட்டி சூடாகும்.

திங்கள்கிழமை நிற்பது கோளாறு இல்லை. முழுச் சாவிக்கு 40 மணி நேரம் போல ஓடும். வெள்ளி இரவு 7 மணிக்குக் கழற்றினால் ஞாயிறு காலை 11க்கே நின்றுவிடும். ரோட்டர் சுற்றினால்தானே சாவி ஏறும்! நாள் முழுக்கக் கீபோர்டில் கை வைத்திருப்பவருக்கு அதுவும் பாதிதான் ஏறும். உங்களுடையது கையாலும் சாவி கொடுக்கிற ரகமாக இருந்தால் காலையில் இருபது முப்பது சுற்று கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

மணி பார்க்கிற விஷயத்தில் குவார்ட்ஸ் நண்பரோடு பாதி ஒத்துப்போகிறேன். 1760 வாக்கில் பாரிசில் ஆந்த்ரே-ஷார்ல் கரோன் இப்படித் தகட்டைக் குடைந்து உள்ளே இருப்பதைக் காட்ட ஆரம்பித்தார் என்பார்கள். அன்றைக்கே இது வேடிக்கை காட்டத்தான். நான் கட்டுவது 6497 என்கிற ரக மெஷின் போட்ட ஸ்கெலிட்டன். பாக்கெட் வாட்சுக்காகச் செய்த மெஷின், சக்கரமெல்லாம் பெரிசு பெரிசாக இருக்கும், முள் அதில் காணாமல் போகும். கையைக் கொஞ்சம் சாய்த்து முள்ளின் மேல் வெளிச்சம் விழுகிற கோணத்தில் பார்த்துப் பழகிவிட்டேன். ரயில் பிடிக்க வேண்டுமென்றால் போனைத்தான் பார்ப்பேன், அதில் வெட்கம் என்ன? ஆபீசுக்குத் தாராளமாகக் கட்டுங்கள். வாட்சில் 3 ஏடிஎம் (தண்ணீர் தாங்கும் அளவு) என்று போட்டிருந்தால் கை கழுவும்போது தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். குளத்துக்கும் குளியலுக்கும் கூடாது.

புல்லட்_பாண்டி

சாவிக்காரன் அண்ணே, நான் தினமும் பைக்கில் போகிறவன். இந்த மாதிரி வாட்ச் குலுங்கினால் தாங்குமா?

சாவிக்காரன்

பைக் ஓட்டுவதைத் தாங்கும் தம்பி. பேலன்ஸின் அச்சு உட்காரும் கல்லையே குட்டி ஸ்பிரிங் போட்டுத்தான் பிடித்திருப்பார்கள். சுத்தியல், டிரில் பிடிக்கும்போது மட்டும் கழற்றிவிடுங்கள்.

புதுமாப்பிள்ளை_கோவை

தம்பியின் என்.சி.சி. திசைகாட்டியில் பார்த்தேன். 9 பக்கம் இழுக்கிறது, 3 பக்கம் தள்ளுகிறது! ராத்திரி வாட்சைக் கழற்றி வைப்பது டேப்லெட் கவர் மேல். அதன் மடிப்பில் காந்தம் இருப்பது இப்போதுதான் உறைத்தது. பெட்டி ஆர்டர் போட்டாகிவிட்டது. காந்தம் எடுத்த பிறகு எவ்வளவு துல்லியம் எதிர்பார்க்கலாம்?

சாவிக்காரன்

போன் மணியோடு ஒப்பிட்டு ஒரு முழு நாள் விட்டுப் பாருங்கள். மியோட்டா கம்பெனியின் 8என்24 மாதிரி ஸ்கெலிட்டன் மெஷினுக்குக் கம்பெனியே கொடுக்கும் கணக்கு ஒரு நாளைக்கு 20 வினாடி பின்னால் முதல் 40 வினாடி முன்னால் வரை. அதற்குள் இருந்தால் யாரையும் திறக்க விடாதீர்கள்.