எங்கட குடும்பம் (ஸ்காபரோ, கனடா)

நான்: சித்தி, நீங்கள் தந்த சரசீனியா விதையை, அதுதான் குடுவை போன்ற இலையால் பூச்சி பிடிக்கும் செடியின் விதையை, இன்றைக்கே சாடியில் போட்டு ஜன்னலோரம் வைக்கட்டா?

சித்தி: வேண்டாம் பிள்ளை, இப்போது போட்டால் முளைப்பது அபூர்வம். அது இந்த நாட்டுச் சதுப்பு நிலத்துச் செடி. நியூஃபவுண்ட்லாந்து 1954இலேயே அதைத் தன் மாகாண மலராக்கிவிட்டது. விதை பனிக்கு அடியில் ஈரத்தோடு கிடந்தால்தான் வசந்தத்தில் முளைவிடும். அந்தக் குளிரை நாங்கள் பிரிட்ஜில் கொடுக்க வேண்டும்.

பெரியம்மா: பூச்சி தின்கிற செடியைப் பிரிட்ஜுக்குள்ளேயா?

சித்தி: விதை மட்டும்தான் அக்கா, எள்ளை விடச் சின்னது. பீட் மொஸ்ஸை, அதுதான் சதுப்பு நிலத்து மக்கிய பாசியை, நனைத்துச் சொட்டு விழாதபடி பிழிந்து, விதையோடு சிப்லொக் பையில் போட்டு, திகதி எழுதி மரக்கறித் தட்டில் வை பிள்ளை. ஃப்ரீசர் கூடாது. 4 கிழமை போதும் என்பார்கள், நான் 6 கிழமை விடுவேன்.

நான்: அப்புறம் பூச்செடி மண்ணில் போடலாம்தானே?

சித்தி: ஐயோ, அந்த மண் வேண்டாம்! உரம் பட்டால் வேர் கருகிவிடும். சத்தில்லாத நிலத்தில் வளர்வதால்தானே அது பூச்சி பிடிக்கிறது. பீட் மொஸ் பாதி, பேர்லைட் என்கிற வெள்ளைக் கல் துகள் பாதி. விதையை மேலே தூவு, மூடாதே, வெளிச்சம் வேண்டும்.

மாமா: பைப் தண்ணி ஊற்றலாமா அக்கா?

சித்தி: கூடாது தம்பி. கேத்தலின் அடியில் வெள்ளையாய்ப் படிகிறதே, அந்த உப்புகள் சாடியிலும் சேர்ந்து செடியைக் கொன்றுவிடும். மழைத்தண்ணி, இல்லையென்றால் பனியை உருக்கி ஊற்றலாம். பனியைப் பின்வளவில் அள்ளுங்கள், வாசலில் பனி உருக உப்புப் போட்டிருக்கும். சாடியைத் தண்ணீர்த் தட்டில் வைத்தால் போதும்.

நான்: குடுவை வர எத்தனை வருடமாகும்?

சித்தி: அதுதான் அழகே! முதல் இரண்டு விதையிலை சாதாரணம். அடுத்த இலையே குடுவை, சில மில்லிமீட்டர்தான். பூதக்கண்ணாடி வைத்துப் பார், வாய் திறந்திருக்கும். பூக்கத்தான் நாலைந்து வருடம் பொறுக்க வேண்டும்.

பெரியம்மா: குடுவையில் தண்ணி நின்றால் நுளம்பு பெருகுமே?

சித்தி: காட்டில் அந்தக் குடுவைக்குள்ளேயே வளரும் நுளம்பு ஒன்று உண்டு அக்கா. வடக்கில் இருப்பது ஆளைக் கடிக்காது, பயப்படாதீர்கள்.

மாமா: எங்கட கராஜில் பேர்லைட் பாதிப் பை கிடக்கு. சனிக்கிழமை கொண்டு வரட்டா?

சித்தி: பையில் உரம் கலந்தது என்று போட்டிருக்கா, பார்.

மாமா: ஓம், போட்டிருக்கு.

சித்தி: அப்படியென்றால் வேண்டாம் தம்பி, உன்ர ரோசாவுக்குப் போடு. என்னிடம் வெறும் பேர்லைட் இருக்கு, தருகிறேன்.