கொரியா ஒன்றானால் செலவு யார் தலையில்? ஜெர்மனி கணக்கு அங்கே செல்லுமா?

கொழிஞ்சாம்பாறை வாசகர்:
இங்கே வாசகசாலையில் அடுத்த மாதம் கொரிய இணைப்பு பற்றி விவாத அரங்கு வைக்கிறோம். ஜெர்மனியே சேர்ந்துவிட்டது, கொரியா சேராதா என்று ஒரு கட்சி. வடக்கின் கனிமமும் கூலியாளும் தெற்கின் பணத்தோடு சேர்ந்தால் ஜப்பானையே முந்திவிடும் என்று இன்னொரு கட்சி. உணர்ச்சிப் பேச்சு வேண்டாங்க. பணம், சட்டம், தண்டவாளம் என்று பிடிமானமாகச் சொல்பவர்கள் எழுதுங்க.

வேலந்தாவளம் கணக்கர்:
முதலில் ஆள்கணக்கு. 1990-இல் மேற்கு ஜெர்மனியில் சுமார் 6.3 கோடி பேர், கிழக்கில் 1.6 கோடி. நாலு பேர் சேர்ந்து ஒருவரைத் தாங்கினார்கள். கொரியாவில் தெற்கே சுமார் 5.2 கோடி, வடக்கே 2.6 கோடி. இரண்டு பேருக்கு ஒருவர். தலைக்கு வருமானமோ, தென்கொரிய மத்திய வங்கியின் மதிப்பீட்டில் வடக்கில் கிட்டத்தட்ட முப்பதில் ஒரு பங்குதான். கிழக்கு ஜெர்மனி அவ்வளவு தாழ்ந்து கிடக்கவில்லை. அதற்கே 2 லட்சம் கோடி யூரோ வரை போனதாகக் கணக்கிடுகிறார்கள். சாலை, பாலத்தைவிட ஓய்வூதியத்துக்கும் வேலையில்லாதோர் உதவிக்கும் போனதுதான் அதிகம்.

அடி விழுந்தது நாணயத்தில். 1990 ஜூலை 1 அன்று சம்பளம், ஓய்வூதியம் எல்லாம் ஒன்றுக்கு ஒன்று என மேற்கு மார்க்குக்கு மாறின. சேமிப்பில் பெரியவர்களுக்கு 4,000, அறுபதைத் தொட்டவர்களுக்கு 6,000 மார்க் வரை அதே விகிதம். மிச்சம் இரண்டுக்கு ஒன்று. மக்களுக்கு இனித்தது. ஆனால் பழைய எந்திரத்தில் ஓடிய ஆலை மறுநாளே மேற்கு நாணயத்தில் கூலி கொடுக்க வேண்டிவந்தது. வழக்கமாகச் சரக்கு வாங்கிய கிழக்கு ஐரோப்பிய நாடுகளால் மார்க் கொடுத்து வாங்க முடியவில்லை. 1991-க்குள் தொழில் உற்பத்தி பாதிக்கும் கீழே போயிற்று.

வடக்கில் இன்னொரு சிக்கல். 2009 நவம்பரில் நூறு பழைய வோனுக்கு ஒரு புதிய வோன் என்று மாற்றி, ஒரு குடும்பம் மாற்றக்கூடிய தொகைக்கு உச்சவரம்பும் போட்டார்கள். கையிருப்பு கரைந்த சந்தை வியாபாரிகள் அதன்பின் யுவானும் டாலருமாகவே சேர்க்கிறார்கள். நாளை வோனுக்கு நல்ல விகிதம் கொடுத்தாலும், வோனில் சேமிக்காதவருக்கு அதனால் என்ன லாபம்?

கோபாலபுரம் வக்கீல்:
மேலே சொன்னதெல்லாம் சரி. அப்படியானால் இருபது வருஷம் தனி நாணயம், தனிக் கூலி, நடுவில் எல்லைக் கட்டுப்பாடு என்று மெல்லப் போகலாமே என்பார்கள். சட்டம் இடிக்கிறது. தென்கொரிய அரசியலமைப்பின் 3-ஆம் பிரிவுப்படி தீபகற்பம் முழுக்க அவர்கள் நிலம். வடக்கிலிருந்து தப்பி வருபவரைக் குடிமகனாகவே ஏற்கிறார்கள். இணைந்த பிறகு அதே குடிமகனைத் தெற்கின் தலைநகர் சியோலுக்குள் வரக்கூடாது என்று எந்தச் சட்டத்தால் தடுப்பது? தடுக்காவிட்டால் வடக்கின் இளையவர்கள் கிளம்பிவிடுவார்கள், வயதானவர்கள் ஊரில் தங்குவார்கள். என் பார்வையில் முழு விவாதத்தின் முடிச்சு இதுதான்.

நிலப் பத்திரமும் இருக்கிறது. 1946 நிலச் சீர்திருத்தத்தில் நிலத்தை இழந்து தெற்கே வந்தவர்களின் வாரிசுகள் உரிமை கேட்பார்கள். ஜெர்மனியில் நிலத்தையே திருப்பிக் கொடுப்பது, முடியாவிட்டால்தான் இழப்பீடு என்று வைத்ததால், யாருடையது என்று தெரியாத சொத்தில் முதல் போட ஆள் வரவில்லை. கொரியாவில் இழப்பீடு மட்டும் என்று முதல் நாளே சட்டம் போடுவது நல்லது.

இதெல்லாம் இரு தரப்பும் விரும்பினால்தான். 2024 ஜனவரியில் வடக்கின் தலைவர் கிம் ஜாங் உன் இணைப்புக் கொள்கையையே கைவிட்டு, அதற்கான அமைப்புகளைக் கலைத்தார். அக்டோபரில் எல்லையை ஒட்டிய சாலையையும் ரயில்பாதையையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 2025 ஆகஸ்டில் தெற்கின் அதிபர் லீ ஜே மியுங் வடக்கின் ஆட்சிமுறையை மதிக்கிறோம், விழுங்கும் எண்ணமில்லை என்றார். அதையும் அவர்கள் ஏற்கவில்லை.

நடுப்புணி:
கூலியாள் கணக்குக்கு, வடக்கு மண்ணில் தெற்கு நிறுவனங்கள் நடத்திய கேசோங் தொழில் வளாகம்தான் பாடம். 2004-இல் உற்பத்தி தொடங்கியது. மூடும்போது சுமார் 125 தெற்கு நிறுவனங்கள், 54,000 வடக்குத் தொழிலாளர்கள். மின்சாரம் தெற்கிலிருந்து கம்பி போட்டு வந்தது. குறைந்தபட்சக் கூலி மாதம் 50 டாலரில் தொடங்கியது, ஆண்டு உயர்வு 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. பணம் தொழிலாளி கைக்கு நேரே போகாது, வடக்கு அரசிடம் போகும். 2014 கடைசியில் வடக்கு அந்த 5 சதவீத வரம்பைத் தானாகவே நீக்கிவிட்டு 70.35 டாலரை 74 ஆக்கச் சொன்னது. 2015 ஆகஸ்டில் 73.87-இல் முடிந்தது. சில சென்டுக்காக இல்லைங்க, விதியை யார் மாற்றுவது என்பதற்கான சண்டை அது.

2013-இல் ஐந்து மாதம் முடங்கியது. 2016 பிப்ரவரியில், வடக்கின் அணுச் சோதனையும் ராக்கெட்டும் வந்தபின், தெற்கு அரசே அதை மூடியது. எந்திரமும் சரக்கும் உள்ளே மாட்டிக்கொண்டன. இன்று திறக்க நினைத்தாலும் ஐ.நா. தடை நிற்கும்: 2017-இன் 2375-ஆம் தீர்மானம் துணி ஏற்றுமதியையும் கூட்டுத் தொழிலையும் தடுக்கிறது, 2371-ஆம் தீர்மானம் நிலக்கரி, இரும்புத் தாது ஏற்றுமதியை. கனிமத்தை வைத்து ஜப்பானை முந்துபவர் இந்த இரண்டையும் படித்துவிட்டு மேடை ஏறட்டும்.

கொழிஞ்சாம்பாறை வாசகர்:
நன்றிங்க. அப்போ சின்னதாகத் தொடங்க எதுவுமே இல்லையா?

நடுப்புணி:
ரயில் என்பார்கள். இரு பக்கமும் பாதை அகலம் 1,435 மி.மீ., அதில் தொல்லை இல்லை. மின்சாரம்தான் வேறு: வடக்கில் 3,000 வோல்ட் நேர்மின்சாரம், தெற்கில் 25,000 வோல்ட் மாறுமின்சாரம். டீசல் எஞ்சின் வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் 2018-இல் சுமார் 1,200 கி.மீ. பாதையைப் பார்த்துவரவே ஐ.நா. விலக்கு வாங்க வேண்டியிருந்தது.

நான் தண்ணீரைச் சொல்வேன். கேரளப் பக்கம் இருக்கும் நமக்குத் தமிழ்நாட்டின் ஆளியாற்றிலிருந்து ஆண்டுக்கு 7.25 டிஎம்சி என்று ஒப்பந்தம் இருக்கிறது, மணக்கடவில் அளக்கிறார்கள், குறைந்தால் கேட்க ஆள் இருக்கிறது. வடக்கிலிருந்து தெற்கே ஓடும் இம்ஜின் ஆற்றில் அந்த ஏற்பாடு இல்லை. 2009 செப்டம்பரில் வடக்கின் ஹ்வாங்காங் அணை சொல்லாமல் திறந்ததில் தெற்கே ஆறு பேர் இறந்தார்கள். இனி முன்கூட்டிச் சொல்வோம் என்று அடுத்த மாதமே ஒத்துக்கொண்டார்கள், பிறகு பலமுறை சொல்லாமலே திறந்தார்கள். திறக்கும் முன் தகவல் கொடுக்க எந்தத் தீர்மானமும் குறுக்கே நிற்காது, பணமும் வேண்டாம். ஒரு தொலைபேசி இணைப்பு போதும். 2023 ஏப்ரலிலிருந்து அதையும் வடக்கு எடுப்பதில்லை.