வீட்டுக்குக் கார் பாதையே இல்லை. எந்த அலுவலகத்தில் பதிவது?

புதிதாக வந்தவள்:
அக்காமார், அண்ணாமார், யாராவது உடனே பதில் சொல்லுங்கள். சுவிட்சர்லாந்தில், பேர்ண் கன்டோனில் (மாநிலத்தில்) மலைமேல் ஒரு ஹோட்டல் சமையலறையில் கணவருக்கு வேலை. நானும் மகனும் இப்போதுதான் வந்து சேர்ந்தோம். வேலை ஒப்பந்தத்தில் லௌட்டர்புருன்னன் என்று இருக்கிறது. நாங்கள் இருப்பதோ வேறு ஊர். இங்கே கார் வராது, ரயிலில்தான் ஏறி வந்தோம். கெமைண்டேயில், அதாவது உள்ளூராட்சியில், குடியிருப்பைப் பதிய வேண்டும் என்கிறார்கள். அந்த அலுவலகத்தை இங்கே காணவில்லை. கணவர் காலை ஏழு மணிக்குப் போனால் இரவு பத்துக்குத்தான் வருகிறார். எனக்கு ஜெர்மன் ஒரு சொல்லும் தெரியாது. அபராதம் போடுவார்களா?

சூரிச் அண்ணா:
தங்கச்சி, முதலில் அந்தப் பள்ளத்தாக்கை விட்டு வெளியே வரப் பாருங்கள். 1991இல் நானும் இப்படி ஒரு மலைக்கிராமத்தில் பாத்திரம் கழுவினேன். நவம்பரில் மலைக்குப் பின்னால் போன வெயில் பிப்ரவரியில்தான் என் ஜன்னலுக்குத் திரும்பியது. தமிழ் பேச ஆளில்லை, சுவரோடுதான் பேசினேன். பதிவுக்கு அவசரமில்லை, மூன்று மாதம் இருக்கிறது.

எம்மென்டால் அக்கா:
அண்ணா, பிள்ளையைப் பயமுறுத்தாதீர்கள். சிறிய ஊர்தான் எங்களைக் காப்பாற்றியது. பதியப் போன அன்று என் மகளின் கை குளிரில் சிவந்திருந்ததைப் பார்த்து, அலுவலகப் பெண் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு ஜோடிக் கம்பளிக் கையுறை எடுத்துக் கொடுத்தார். பெரிய நகரத்தில் எண் துண்டோடு காத்திருக்க வேண்டும்.

தூன் தம்பி:
கையுறை சரி, மருத்துவக் காப்பீட்டுக் கட்டணம்? ஆண்டுதோறும் ஏறுகிறது. நல்ல அரிசிக்கு நான் இன்னும் பேர்ணுக்குத்தான் போகிறேன். பத்துக் கிலோ மூட்டையோடு மூன்று ரயில் மாறியவனுக்குத்தான் அந்தத் தோள்வலி தெரியும்.

சூரிச் அண்ணா:
காப்பீட்டைப் பற்றிப் பேசினால் விடிந்துவிடும், தம்பி.

பேர்ண் அக்கா:
அவள் கேட்டதற்கு வருவோம். தங்கச்சி, ஊர்ப் பெயரும் வந்த தேதியும் சொல்லவில்லையே? கார் வராத ஊர் என்றால் வெங்கனா, மியூரனா? எதுவானாலும் கெமைண்டே ஒன்றுதான், லௌட்டர்புருன்னன். அந்தப் பெயருள்ள ஊர் பள்ளத்தாக்கின் அடியில், சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிழக்குச் சரிவில் வெங்கன் சுமார் 1,270 மீட்டரில். எதிர்ப்பக்கம் மியூரன் சுமார் 1,640 மீட்டரில். கிம்மல்வால்ட், ஸ்டெக்கல்பெர்க், இசென்ஃப்ளூ என்ற ஊர்களும் அந்தக் கெமைண்டேக்குள்தான். பரப்பு சுமார் 164 சதுர கிலோமீட்டர், சூரிச் நகரத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் பதிந்து வாழ்வோர் 3,000 பேர்கூட இல்லை. பெரும்பகுதி காடும் பாறையும் பனியாறும். 4,158 மீட்டர் யுங்ஃப்ராவ் சிகரம் அதன் எல்லையில்தான் நிற்கிறது. தெருவை அடைத்து நடக்கும் சுற்றுலாப் பயணிகள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். நீங்கள் வருவீர்கள், அதற்குத்தான் பதிவு.

புதிதாக வந்தவள்:
வெங்கன், அக்கா. டிசம்பர் 30 வந்தோம். மகனுக்கு ஐந்து வயது. மூன்று மாதம் என்று அண்ணா சொன்னாரே?

பேர்ண் அக்கா:
அண்ணா சொன்ன மூன்று மாதம் காப்பீடு எடுப்பதற்கு. அதையும் தள்ளிப்போடாதீர்கள், எப்போது எடுத்தாலும் வந்த நாளிலிருந்தே கட்டணம் கேட்பார்கள். பதிவுக்கு 14 நாள்தான். இன்று வியாழன், 9ஆம் தேதி. திங்களோடு கெடு முடிகிறது. நாளைக் காலையே பல்சக்கர ரயிலில் கீழே லௌட்டர்புருன்னனில் இருக்கும் கெமைண்டே அலுவலகத்துக்கு இறங்குங்கள், கால் மணி நேரம்தான். மூவரின் பாஸ்போர்ட், விசா, திருமணச் சான்றிதழ், மகனின் பிறப்புச் சான்றிதழ், வேலை ஒப்பந்தம், வாடகை ஒப்பந்தம், புகைப்படம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடுங்கள். ஹோட்டல் அறையில் தங்கியிருந்தால் முதலாளியிடம் இன்றிரவே கடிதம் வாங்கச் சொல்லுங்கள். மகனுக்கு நான்கு வயது தாண்டிவிட்டதால் கிண்டர்கார்டன் கட்டாயம். அதையும் அங்கேயே கேளுங்கள். சிறிய அலுவலகங்கள் மதியம் அடைத்துவிடும், பத்து மணிக்குள் போய்விடுங்கள். மொழி தடையானால் அங்கிருந்தே என்னை அழையுங்கள், நான் பேசுகிறேன்.

புதிதாக வந்தவள்:
வாடகை ஒப்பந்தம் கணவரின் பெயரில் மட்டும் இருக்கிறது. பரவாயில்லையா?

பேர்ண் அக்கா:
பரவாயில்லை. திருமணச் சான்றிதழின் மொழிபெயர்ப்பை மட்டும் மறந்துவிடாதீர்கள்.