55+ ஹாக்கி: 9 நாளில் 6 ஆட்டம், 18 பேரை எப்படிச் சுழற்றுவது?

கேள்வி: டச்லைன்

சர்வதேச வெட்டரன்ஸ் (மூத்தோர்) போட்டிக்கு 55+ அணி ஒன்று, அதாவது 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், தயாராகிறது. மொத்தம் 18 பேர், அதில் கீப்பர் இருவர். 15 நிமிடம் வீதம் நான்கு குவார்ட்டர். 9 நாளில் 6 ஆட்டம். தண்ணீர் தெளித்து ஆடும் டர்ஃப். அணியில் பாதிப் பேர் இருபது, முப்பது வருடம் கழித்து மறுபடி ஸ்டிக்கைத் தொட்டவர்கள். கையில் 12 வாரம் இருக்கிறது. மாற்று ஆட்டக்காரர்களை எந்தக் கணக்கில் இறக்குவது? எந்தக் காயத்துக்கு அதிகம் பயப்பட வேண்டும்? இடையில் மாறிய விதிகளில் பழைய ஆட்களைக் கவிழ்ப்பது எது?

பதில் 1: பென்ச்கணக்கு

கீப்பரை விட்டால் களத்தில் 10 இடம். 60 நிமிடத்துக்கு 600 ஆள்-நிமிடம். 16 பேருக்குச் சமமாகப் பிரித்தால் தலைக்கு 37.5. ஆனால் சமமாகப் பிரிக்காதீர்கள், ஓட்டம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல.

ஃபார்வர்ட் 3 இடத்துக்கு 5 பேர், மிட்ஃபீல்ட் 3 இடத்துக்கு 6 பேர், பின்னால் 4 இடத்துக்கு 5 பேர். ஃபார்வர்டுக்கு 36 நிமிடம், மிட்டுக்கு 30, பின்வரிசைக்கு 48 வரும்.

நடைமுறையில் மிட்ஃபீல்டை மூன்று ஜோடியாகக் கட்டிவிடுங்கள். ஒரு ஜோடிக்கு ஓர் இடம், 5 நிமிடத்துக்கு ஒருமுறை இருவரும் மாறிக்கொள்ள வேண்டியது. மூன்று ஜோடியும் ஒரே நேரத்தில் மாறக் கூடாது, நடுக்களம் திறந்து கிடக்கும். ஃபார்வர்டில் 2 நிமிடத்துக்கு ஒருவர் வெளியே, ஒருவர் உள்ளே. 6 நிமிடம் ஆட்டம், 4 நிமிடம் ஓய்வு என்று தானாக ஓடும். பின்வரிசையில் குவார்ட்டருக்கு ஆளுக்கு 3 நிமிடம் உட்கார்ந்தால் போதும்.

இந்தக் கணக்கு எங்கே உடைகிறது? மூச்சு வாங்கியவர் கையைத் தூக்கட்டும் என்று காத்திருக்கும்போது. அவர் கை தூக்குவதற்கு இரண்டு நிமிடம் முன்பே கால் நின்றுவிட்டது. அந்த ஆட்டத்தில் ஆடாத ஒருவர் கடிகாரமும் தாளுமாக பென்ச்சில் இருக்க வேண்டும். அவர் சொன்னால் வெளியே வந்தாக வேண்டும், பேச்சே கிடையாது.

இன்னொன்று: நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டருக்குள்தான் மாற வேண்டும், ஒருவர் வெளியேறிய பிறகே அடுத்தவர் உள்ளே போகலாம். களத்தின் அகலம் 55 மீட்டர். எதிர் ஓரத்தில் இருப்பவர் ஆடி அசைந்து நடந்து வந்தால் முக்கால் நிமிடம் அவர் யாருக்கும் உபயோகமில்லை. பெனால்டி கார்னர் (தற்காப்பு அணியின் தவறுக்காக, கோல் கோட்டிலிருந்து எதிரணி தொடங்கும் தாக்குதல்) கொடுத்தபின் அது முடியும்வரை மாற்றமும் இல்லை (தற்காக்கும் அணியின் கீப்பர் காயம்பட்டாலோ அட்டை வாங்கி வெளியேறினாலோ மட்டும் விலக்கு). பச்சை அட்டைக்கு 2 நிமிடம், மஞ்சளுக்குக் குறைந்தது 5 நிமிடம் ஆள் குறையும். அப்போது ஒரு ஃபார்வர்டைக் குறையுங்கள், மிட் ஜோடிகளைக் கலைக்காதீர்கள்.

பதில் 2: ஐஸ்பேக்

பயப்பட வேண்டியது கெண்டைக்கால் சதைக்கு. ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடைச் சதை) அடுத்தபடி. இந்த வயதில் கெண்டைச் சதையின் உட்புறத் தலைதான் அதிகம் கிழியும். யாரோ பின்னாலிருந்து பந்தால் அடித்ததுபோல் இருக்கும். திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இருக்கமாட்டார். முழங்கால் நேராக இருக்கும்போது ஒரே உந்தில் ஓட்டம் எடுப்பதால் வருவது.

மேலே சொன்ன சுழற்சியில் ஒரு பொறி இருப்பதும் இதனால்தான். பென்ச்சில் 5 நிமிடம் ஆறிப்போய் உட்கார்ந்தவர் எழுந்ததும் முழு வேகத்தில் பாய்ந்தால் சதை கிழியும். உள்ளே போவதற்கு 2 நிமிடம் முன்பே எழுந்து, ஓரத்தில் மெல்ல ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

12 வாரத்தில் செய்யக்கூடியது: படிக்கட்டு விளிம்பில் ஒற்றைக் காலில் குதிகால் தூக்கல், முழங்கால் நேராக ஒரு சுற்று, மடக்கி ஒரு சுற்று. 12 முறை வீதம் 3 செட், வாரம் மூன்று நாள். ஒரு காலுக்கு நிற்காமல் 20 வந்தால் நல்ல நிலை. நார்டிக் பயிற்சியை (மண்டியிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடலை மெல்ல முன்னால் சாய்ப்பது; பின்தொடைக்கானது) 3 முறை வீதம் 2 செட்டில் தொடங்குங்கள். முதல் வாரமே பத்து செய்தால் மறுநாள் உட்காரவே முடியாது. நான்காம் வாரத்திலிருந்து 20 மீட்டர் ஓட்டம் ஆறு, முக்கால் வேகத்தில். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். கடைசி வாரம் கடின ஓட்டம் வேண்டாம்.

நீண்ட விமானப் பயணத்துக்குப் பின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் சதைப் பிடிப்பு என்று நினைத்துத் தேய்க்காதீர்கள். ரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். வார்ம்-அப்பில் நெஞ்சு இறுகினாலும் அப்படியே, அன்று ஆட்டம் கிடையாது. ஈசிஜி, டிரெட்மில் டெஸ்ட் எல்லாம் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே முடியட்டும்.

மாத்திரைப் பட்டியலையும் பாருங்கள். பல ரத்த அழுத்த மாத்திரைகளில் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்திருக்கும். அது ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் உள்ள டையூரெடிக் (சிறுநீரைப் பெருக்கும் மருந்து). இன்சுலினும் பட்டியலில் உண்டு. தானாக நிறுத்தாதீர்கள், மருத்துவர் வழியாக சிகிச்சை விலக்கு அனுமதி பற்றிக் கேளுங்கள். பீட்டா பிளாக்கர் (ரத்த அழுத்தம், இதய நோய்க்கான மாத்திரை) ஹாக்கியில் தடை இல்லை, ஆனால் அதைச் சாப்பிடுபவருக்கு இதயத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. வாட்ச் காட்டும் எண்ணை நம்பி உழைப்பை அளக்க முடியாது.

பதில் 3: லெஃப்ட்இன்

விதிகள் பற்றி. ஆஃப்சைடு (கடைசித் தற்காப்பாளர்களைத் தாண்டி நிற்கும் ஃபார்வர்டுக்குப் பந்து தரக் கூடாது என்ற விதி) 1998லேயே போயாச்சு, அதை எல்லோரும் அறிவார்கள். ஆனாலும் பின்வரிசை பழக்கதோஷத்தில் மேலேறி நின்று கையைத் தூக்கும். அதைவிடப் பெரிய தொல்லை செல்ஃப்-பாஸ். ஃப்ரீ ஹிட்டை (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் அடி) எடுப்பவர் தனக்குத்தானே தட்டிக்கொண்டு ஓடலாம். பழைய ஆட்டக்காரர் பந்துக்குப் பக்கத்தில் நின்று தாமதப்படுத்துவார், பச்சை அட்டை வாங்குவார். 5 மீட்டர் விலகுங்கள், உங்களுக்கு நேரமே தரமாட்டார்கள்.

எதிரணியின் 23 மீட்டர் பகுதிக்குள் ஃப்ரீ ஹிட் என்றால் நேரே டி-க்குள் (கோலுக்கு முன்னுள்ள அரைவட்டம்) அடிக்க முடியாது, பந்து முதலில் 5 மீட்டர் நகர வேண்டும். லாங் கார்னருக்கு (தற்காப்பாளர் மேல் பட்டுப் பந்து கோல் பக்கக் கோட்டைத் தாண்டினால் கிடைப்பது) கொடிக்கம்பத்தைத் தேடி ஓடாதீர்கள்; பந்து வெளியேறிய இடத்துக்கு நேராக 23 மீட்டர் கோட்டில் வைத்து எடுப்பது.

பெனால்டி கார்னரில் முதல் ஓட்டக்காரருக்கு (ஷாட் அடிப்பவரை நோக்கி முதலில் பாய்ந்து ஓடும் தற்காப்பாளர்) முகக்கவசம், கையுறை, முழங்கால் பேட் மூன்றும் கட்டாயம் என்று அணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஷாட் அடிக்கும் இடத்திலிருந்து 5 மீட்டருக்குள் இருக்கும் தற்காப்பாளருக்குப் பந்து முழங்காலுக்குக் கீழே பட்டால் மறுபடியும் கார்னர்தான்.

விதியில் இல்லாத ஒன்று: புரோகிரசிவ் கண்ணாடி. அதன் கீழ்ப்பாதி படிப்பதற்கானது. குனிந்து காலடியில் பந்தைப் பார்த்தால் மங்கலாகத் தெரியும், ட்ராப் (ஸ்டிக்கால் பந்தை நிறுத்துவது) தவறும். தூரப் பார்வைக்கு மட்டும் பாலிகார்பனேட் ஸ்போர்ட்ஸ் கண்ணாடி தனியாகச் செய்யுங்கள். கழற்றும் பல்செட் இருந்தால் கழற்றிவிட்டு, அந்த வாய்க்கு அளவெடுத்த மவுத்கார்டு.

டச்லைன்

நன்றி. ஆளுக்கு 48 நிமிடம் பின்வரிசை ஆறு ஆட்டமும் தாங்குமா? ஒரு கீப்பரைக் குறைத்து மீதி 17 பேரைக் களத்தில் சுழற்றி ஆடவிடலாமா?

பென்ச்கணக்கு

கீப்பரைக் குறைக்காதீர்கள். ஒருவர் அடிபட்டால் அந்தப் பேடுகளை மாட்டிக்கொண்டு நிற்க யாருக்கும் பழக்கமிருக்காது. ஆளுக்கு மூன்று ஆட்டம் கொடுங்கள். பின்வரிசைக்கு வழி இது: மூன்றாவது ஆட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு பின்வரிசைக்காரருக்கு முழு ஓய்வு, ஒரு மிட் பின்னுக்கு இறங்கட்டும். பின்னால் 48 அப்படியே நிற்கும், மிட்டுக்கு 30 போய் 36 ஆகும். மிட்டில் 5 பேர்தான் மிஞ்சுவார்கள், அன்று ஜோடிக் கணக்கு செல்லாது. ஃபார்வர்ட் போலவே 2 நிமிடத்துக்கு ஒருவராக மாற்றுங்கள்.