150 ரூபாயில் மீன் சாப்பாடும் இனிப்பும்: கீழக்கரைப் பக்கம் முடியுமா?

கேள்வி:
இராமநாதபுரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் நாங்கள் நால்வர், மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் கீழக்கரைக்குப் பேருந்தில் சென்று மீன் சாப்பாடும் ஏதேனும் இனிப்பும் சாப்பிட விரும்புகிறோம். ஆளுக்கு 150 ரூபாய்க்கு மேல் இயலாது. சென்ற முறை ஒரு கடையில் விலை கேட்காமல் வறுவல் வாங்கிவிட்டு, திரும்பும் பேருந்துக்குக் கடன் வாங்க நேர்ந்தது.

பதில் 1:
தம்பி, சாப்பாட்டோடு ஊற்றும் மீன்குழம்பே போதும். வறுவல் வேண்டுமென்றால் விலையைக் கேட்டுவிட்டு உட்காருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம் என்பதால் மீன் விலை ஏறிவிடும். அப்போது பரோட்டாவும் சால்னாவும்தான் கட்டுப்படியாகும்.

பதில் 2:
இனிப்புக்குத் தொதலை விட்டுவிடாதீர்கள். அரிசிமாவையும் தேங்காய்ப்பாலையும் கருப்பட்டியையும் சேர்த்து, எண்ணெய் பிரிந்து கரண்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை மணிக்கணக்காகக் கிளறுவார்கள். கால் கிலோ நால்வருக்குத் தாராளம். விரலில் மினுங்குவது நெய்யன்று, தேங்காயெண்ணெய்.

பதில் 3:
தடைக்காலம் நுங்குக் காலமும் அல்லவா? சாயல்குடிப் பக்கம் சாலையோரத்திலேயே சீவித் தருவார்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. இந்த ஞாயிறு தொதல்தான். வறுவலைப் பார்க்க மட்டும் செய்வோம்.