ஜெபிக்க வார்த்தை வரவில்லை, என்ன செய்வது?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து டயாலிசிஸ் போய்க்கொண்டிருக்கிறது, முடிந்து வந்தால் அசந்து தூங்கிவிடுவார், நான் பக்கத்தில் வேதத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பேன், ஒன்றும் உள்ளே இறங்காது. கர்த்தர் மேல் நம்பிக்கை போய்விடவில்லை. ஆனால் முழங்கால் போட்டால் வார்த்தையே வருவதில்லை.

"விசுவாசம் குறைவு, அதுதான்" என்று சிலர் சொல்லிவிட்டுப் போகிறார்கள். வேதத்தில், எல்லாவற்றையும் இழந்து வியாதியில் கிடந்த யோபுவின் நண்பர்களாவது முதல் ஏழு நாள் வாயைத் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தார்கள்!

ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகம் மூன்றாம் அதிகாரத்தில், அத்திமரம் துளிர்க்காவிட்டாலும் தொழுவத்தில் மாடு இல்லாவிட்டாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்று வருகிறதே, அந்த இடத்துக்கு என்னால் இன்னும் போக முடியவில்லை. இப்போதைக்கு சங்கீதம் 88தான் என் பாஷை, கடைசி வரை ஆறுதலே வராத சங்கீதம் அது, ஆனாலும் அதை எழுதினவர் தேவனிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.

நீண்ட வியாதியில் வீட்டாரைப் பார்த்துக்கொண்டவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து சொல்லுங்கள்: அந்த நாட்களில் எப்படி ஜெபித்தீர்கள்? எழுதி வைத்தீர்களா, சத்தமாகச் சங்கீதம் வாசித்தீர்களா, சும்மா உட்கார்ந்திருந்தீர்களா? அப்புறம், என் கணவருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.