ஸ்ரெம்ஸ்கி கார்லோவ்சி போனவர்கள் யாராவது உண்டா?

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் செர்பியாவில் நோவி சாத் போகிறேன். பக்கத்தில் இருக்கும் ஸ்ரெம்ஸ்கி கார்லோவ்சி என்ற சிற்றூரை ஒரு நாள் சுற்றிப் பார்க்க ஆசை.

ஊர்ச் சதுக்கத்தில் 1799-இல் கட்டிய நான்கு சிங்க நீரூற்று இருக்கிறது. ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்ததன் நினைவாக எழுப்பியது. அதில் குடித்தவர் மறுபடி அங்கே வருவாராம். நான் இரண்டு மடக்காவது குடிப்பேன்!

ஆனால் எனக்கு முக்கியம் அமைதித் தேவாலயம். 1699-இல் ஒட்டோமான்களும் ஆஸ்திரியா, போலந்து, வெனிஸ் தரப்புகளும் ஒப்பந்தம் போட்ட இடம். யார் முதலில் நுழைவது என்ற சண்டையே வேண்டாமென்று பேச்சுக் கூடத்துக்கு நாலு வாசல் வைத்தார்களாம். அந்த நினைவில் இப்போதைய தேவாலயத்துக்கும் நாலு வாசல்.

உள்ளே விடுகிறார்களா? சாவி யாரிடம் கேட்க வேண்டும்? அப்புறம், சிரிலிக் எழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். கல்வெட்டுகளைப் படமெடுத்து அனுப்புகிறேன்.